சாவித்திரிக்காக அழுத பெரியம்மா

“சரோஜா தேவி போயிட்டாளாமே தம்பி! ஒனக்குத் தெரியுமா?”

2025 ஜூலை 14ஆம் தேதி, ஒரு தோட்டத்திலே கிளைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் நமது பெரியம்மாவிடமிருந்து வந்த தொலைபேசிச் செய்தி இது. பெங்களூரில், 87 வயதில், பி. சரோஜா தேவி காலமாகிவிட்டார். பெரியம்மாவுக்கு வயது 82. பேராக்கில் ஒரு தோட்டத்திலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். சொந்தத் தங்கை போனது போல அவர் குரல் தழுதழுத்தது.

பக்கத்தில் நின்ற இளைஞர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாருண்ணே, சொந்தக்காரங்களா?” என்று கேட்டார். “ஆமாம்” என்று சொல்லிவிட்டோம். அது பொய் என்று நமக்குத் தோன்றவில்லை.

தோழர்களே, தாய்மார்களே! இந்த வாரம் சம்பள ஒப்பந்தத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம் தாய்மார்கள் நெஞ்சிலே குடியிருந்த அந்தக் கால நடிகைகளைப் பற்றிப் பேசுவோம். பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதைக் கடைசியில் பாருங்கள்.

ஏசியவர்களில் நாமும் ஒருவர்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்க மேடைகளிலே “சினிமா மோகத்தை விட்டொழியுங்கள்” என்று முழங்கியவர்களில் நாமும் ஒருவர். “நடிகை சேலையைப் பற்றிப் பேசும் நேரத்தில் சந்தா கட்டலாமே” என்று கேலி பேசி, கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். அன்று கூட்டம் முடிந்ததும் பெரியம்மா நம்மைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏன்டா தம்பி, காலையிலே நாலு மணிக்கு எழும்பி, அப்பன் போட்டுக் கிழிஞ்ச சட்டையை மாட்டிக்கிட்டு, தலையிலே துண்டைக் கட்டி, இடுப்பிலே கொசுவத்தியைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போறவ நானு. உடம்பெல்லாம் ஒட்டுப்பால் நாத்தம். மாசத்திலே ஒரு ராத்திரி, நம்மள மாதிரி தமிழ் பேசற ஒருத்தி, சுத்தமா, பளபளன்னு, தலை நிமிர்ந்து நிக்கிறதைப் பாத்தா ஒனக்கு என்னடா நட்டம்?”

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பேச்சை மேடையில் பேசுவதை விட்டுவிட்டோம்.

திடலிலே கட்டிய வெள்ளைத் துணி

நாம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலே படித்த காலத்தில் தொலைக்காட்சி வந்துவிட்டது, வீடியோவும் வந்துவிட்டது. ஆகவே திடல் படத்தை நாம் பெரியம்மா வாயால் கேட்டுத்தான் அறிந்தோம்.

சம்பளம் போட்ட வாரத்திலே படக்காரன் வேன் வரும். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். பொழுது சாயும் முன்னே கோணிச் சாக்கையும் பாயையும் போட்டு இடம் பிடிக்க வேண்டும். ஒரே எந்திரம். ஆகையால் ஒரு ரீல் முடிந்தால் அடுத்த ரீல் மாட்டும்வரை இருட்டு. அந்த இருட்டில் கச்சான் விற்பவன் ஒரு பக்கம், குழந்தையைத் தேடுகிறவள் ஒரு பக்கம். மழை வந்தால் பாயைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

பெரியம்மா எப்போதும் துணிக்குப் பின்பக்கம்தான். முன்பக்கம் ஆண்கள் கூட்டம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். “ரொம்ப நாளா நான் பத்மினி எடது கைக்காரின்னு நெனச்சேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

படம் முடிந்தால் மறுநாள் பெரட்டு. தூக்கக் கண்ணோடு நிரைக்குப் போனாலும் வாய் மட்டும் ஓயாது. 1958இல் வெளிவந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ தோட்டத்துக்கு வந்துபோன பிறகு, வெட்டுக்காட்டிலே பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்களாம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் அந்தப் படத்தில் ஆடும் போட்டி நடனத்தில் யார் கெட்டிக்காரி என்பதுதான் வழக்கு. வழக்கு முற்றி, இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. மண்டோர் வந்து, “ஆட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல கோட்டை ஒழுங்கா வெட்டுங்க” என்று சத்தம் போட்டாராம்.

சரோஜா தேவி வந்த பிறகு இன்னும் வேடிக்கை. அவர் போட்ட ரவிக்கை, கொண்டை, கழுத்து மாலை எல்லாம் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்துவிடும். ‘பேசும் படம்’ இதழிலிருந்து வெட்டிய படத்தைத் தையல்காரரிடம் நீட்டி, “இதே மாதிரி கை வையுங்க” என்று கேட்பார்கள். தோள்கம்பின் இரண்டு முனையிலும் பால்வாளி தொங்க, சரோஜா தேவி நடை நடந்து காட்டி, வாளியிலிருந்த பாலைக் கொட்டிவிட்டு ஏச்சு வாங்கியவர்களும் உண்டு.

இதையெல்லாம் மோகம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாமா? அழகு என்பது துரை பங்களாவுக்கு மட்டும் சொந்தமானது அல்ல, நமக்கும் அதிலே ஒரு பங்கு உண்டு என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். அதிலே தப்பு என்ன?

பளபளப்புக்குப் பின்னால் பாடு

ஆனால் ரசிக்கும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். திரையில் தெரிவது முகம். அதன் பின்னால் இருப்பது உழைப்பு. பத்மினியின் ஆட்டம் ஒரு நாளிலே வந்ததல்ல. லலிதா, பத்மினி, ராகினி என்ற திருவிதாங்கூர் சகோதரிகள் மூவரும் சிறுவயது முதலே நடனம் பயின்றவர்கள். 1961இல் பத்மினிக்குத் திருமணம் ஆனது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். தாயான பிறகும் காலில் சலங்கை கட்டி, 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஆடினாரே, அதை யார் மறப்பார்? பிறகு அமெரிக்கா போனவர் அங்கே நியூஜெர்சியில் நடனப் பள்ளி நடத்தினார். முகப்பொலிவு போகும், கற்ற தொழில் கடைசிவரை கூட வரும். நல்ல கத்திக்காரி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பிழைப்பாள் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அவர்களும் கூலிக்கு உழைத்தவர்கள்தாம். கூலி பெரிது என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தம் உண்டு, நேரம் உண்டு, மேலே முதலாளி உண்டு. கதாநாயகனுக்கு ஒரு கூலி, கதாநாயகிக்கு அதைவிடக் குறைந்த கூலி என்ற வழக்கமும் உண்டு. ஆகவேதான் அவர்களுக்கும் சங்கம் தேவைப்பட்டது. தென்னிந்திய நடிகர் சங்கம் அமைந்தது 1952இல். நமது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது 1954இல். இரண்டே ஆண்டு வித்தியாசம். ‘அனார்கலி’யாக நடித்த அஞ்சலி தேவி அந்த நடிகர் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்திருக்கிறார். நம் கிளைகளிலே தலைவர் நாற்காலியில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

“முடியாது” என்று சொன்ன பானுமதி

அந்தக் கால நடிகைகளிலே சங்கக்காரனாகிய நமக்கு ஒருவர் மீது தனி மதிப்பு. அவர்தான் பி. பானுமதி. நடிப்பார், தன் பாட்டைத் தானே பாடுவார், கதை எழுதுவார். கணவர் ராமகிருஷ்ணாவோடு சேர்ந்து பரணி என்ற பெயரில் சொந்தப் படக் கம்பெனி நடத்தினார். 1953இல் ‘சண்டிராணி’ படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்று மொழியிலும் அவரே இயக்கினார். ஒரு பெண் அந்தக் காலத்தில் செய்த காரியம் இது.

‘மிஸ்ஸியம்மா’ படத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. சில காட்சிகள் எடுத்தும் ஆகிவிட்டன. படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு சொல்ல, இவர் மறுத்துவிட்டார். படத்திலிருந்தும் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் சாவித்திரி. 1955இல் படம் வெளிவந்தது; சாவித்திரி எங்கேயோ போய்விட்டார். தன்னால் திரையுலகுக்கு ஒரு சிறந்த நடிகை கிடைத்தாரே என்று பிற்காலத்தில் பானுமதி பெருந்தன்மையோடு பேசியதும் உண்டு.

இன்னொரு கதை. 1958இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’. அதிலும் பானுமதிக்கும் எம்.ஜி.ஆருக்கும் ஒத்துப்போகவில்லை. பானுமதி விலகிக்கொண்டார். கதையில் அவர் பாத்திரம் பாதியிலே இறந்துபோவதாகக் காட்டப்பட்டது. பிற்பகுதியில், படம் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறும் இடத்தில், புதிய நாயகியாக ஒரு முகம் வந்தது. அதுதான் சரோஜா தேவி! அதற்கு முந்திய ஆண்டு ‘தங்கமலை ரகசிய’த்திலே ஒரு நடனத்துக்கு மட்டும் வந்து போனவர், அதன் பிறகு ‘கல்யாணப் பரிசு’, ‘பாலும் பழமும்’, ‘புதிய பறவை’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘அன்பே வா’ என்று கொடி நாட்டினார்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது திடலில் பார்த்த ராத்திரி அவருக்கு நினைவு வந்துவிட்டது. “அடடா, கலர் வந்ததும் கூட்டமே ஓன்னு கத்திச்சு. பானுமதி போனதாலேதான் அவ வந்தாளா? இத்தினி வருசமா எனக்குத் தெரியாதே” என்றார்.

பானுமதிக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? பிறவிக் குணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நாம் இன்னொன்றையும் பார்க்கிறோம். ஒரு படம் போனால் அடுப்பு அணைந்துவிடும் என்ற நிலையில் அவர் இல்லை. சொந்தக் கம்பெனி இருந்தது. கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. சேமிப்பு உள்ளவனுக்குத்தான் மறியலில் நிற்க முதுகெலும்பு நேராக இருக்கும். இது நம் அனுபவம்.

அவருக்கு முன்னாலும் இப்படி ஒருவர் இருந்தார். டி.ஆர். ராஜகுமாரி. 1944இல் ‘ஹரிதாஸ்’ படத்திலே ரம்பையாக வந்து ஊரையே மயக்கியவர். தமிழ்த் திரையின் முதல் கனவுக் கன்னி என்றே பெயர். அந்தக் கனவுக் கன்னி கனவிலே மிதந்துகொண்டிருக்கவில்லை. தம்பி ராமண்ணாவோடு ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 1954ஆம் ஆண்டு ‘கூண்டுக்கிளி’ அவர்கள் எடுத்ததுதான். சென்னை தியாகராய நகரில் தன் பெயரிலே ஒரு தியேட்டரும் கட்டினார்.

சாவித்திரியின் கதையும் பெரியம்மாவின் கதையும்

பெரியம்மாவுக்கு எல்லாரையும் பிடிக்கும். ஆனால் உயிர் சாவித்திரி. 1961இல் ‘பாசமலர்’ வந்தபோது பெரியம்மாவுக்கு 18 வயது. தோட்டத்துக்கு அந்தப் படம் வந்த மறுநாள் பெரட்டிலே நின்ற பெண்கள் எல்லாருக்கும் கண் வீங்கியிருந்ததாம். அண்ணன் தங்கை சண்டை போட்டிருந்த இரண்டு வீட்டில் அன்றைக்கே சமாதானம் ஆகிவிட்டதாம்.

நடிகையர் திலகம் என்று ஊரே கொண்டாடிய சாவித்திரி தாமும் படம் எடுத்தார், இயக்கினார். 1971இல் வந்த ‘பிராப்தம்’ பெரும் நஷ்டம். வரித் தொல்லை வந்தது. சொத்துகள் போயின. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1980 மே மாதம் நினைவிழந்தவர், 19 மாதம் அப்படியே கிடந்து, 1981 டிசம்பர் 26இல் கண் மூடினார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. “குடிச்சு அழிஞ்சா” என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். தோட்டத்திலே சம்சு குடித்துச் செத்தவர்களையும் அப்படித்தான் சொன்னோம். ஏன் குடித்தார்கள், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நாம் கேட்டோமா?

2018இல் சாவித்திரியின் வாழ்க்கை ‘நடிகையர் திலகம்’ என்ற பெயரிலேயே படமாக வந்தது. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்கு இந்தியாவின் தேசிய விருதும் கிடைத்தது. பேத்திகள் பெரியம்மாவை நகரத்துத் தியேட்டருக்கு அழைத்துப் போனார்கள். நாமும் கூடப் போனோம். அள்ளி அள்ளிக் கொடுத்தவர், நம்பியவர்களிடம் ஏமாந்து நிற்பதைப் படம் காட்டியது. பேத்திகள் அழுதார்கள். பெரியம்மா அழவில்லை. வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

“அவளும் என்னை மாதிரிதான் தம்பி.”

அப்புறம்தான் அழுதார்.

அவர் சொன்னது நமக்குப் புரிந்தது, பேத்திகளுக்குப் புரியவில்லை. பெரியம்மா 13 வயதிலே காட்டுக்கு இறங்கியவர். பல வருடம் அவர் சம்பளத்தை அவர் எண்ணிப் பார்த்தது கிடையாது. முதலில் அப்பா வாங்கினார். பிறகு கணவர் வாங்கினார். 1998இல் 55 வயது ஆனதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தார்கள். ஒரு மனிதர் வந்தார். நாலு பேருக்குத் தெரிந்தவர்தான், பெயர் வேண்டாம். “அக்கா, நிலம் வாங்கிப் போட்டுடலாம், லயத்து வீட்டை விட்டுப் போற அன்னிக்கு உதவும்” என்றார். நீட்டிய இடத்திலெல்லாம் பெரியம்மா கையெழுத்துப் போட்டார். நாலு பத்தாண்டு வெட்டிய மரத்தின் பால் அத்தனையும் அந்தக் காகிதத்தோடு போயிற்று. நிலமும் வரவில்லை, மனிதரும் வரவில்லை.

எந்தப் படம் எந்த வருடம், எந்தக் காட்சியில் என்ன சேலை என்று தலைகீழாகச் சொல்லத் தெரிந்த பெரியம்மாவுக்கு, தன் சேமநிதியில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. அது அவர் குற்றமா? சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. சேலையைப் பற்றிக் கேலி பேசிய நாம், அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அது நம் குற்றம்.

அட்டை யார் கையிலே?

இன்றைக்குக் காலம் மாறிவிட்டது என்பீர்கள். 2025 ஆகஸ்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி எல்லா முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. சம்பளம் வங்கியிலே விழுகிறது. சரி. ஆனால் அந்த வங்கி அட்டை யார் கையில் இருக்கிறது? கணவர் கையிலா, மகன் கையிலா? இல்லை, அவசரத்துக்குக் கடன் வாங்கிய ஆலோங் கையிலா? உங்கள் இரகசிய எண் உங்களைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் போகும் தோட்டங்களில் கேட்டுப் பார்க்கிறோம். பல தாய்மார்கள் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பு நமக்குத் தெரிந்த சிரிப்பு. ஆகவே மூன்று காரியம் சொல்கிறோம்.

ஒன்று, அட்டையும் எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். குடும்பத்துக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள்.

இரண்டு, சம்பளச் சீட்டை வீசி எறியாதீர்கள். சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்த தொகை அதிலே இருக்கும். பிடித்தது போய்ச் சேர்ந்ததா என்று சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். தெரியாவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்துச் சொல்லும். அதுவும் இல்லையென்றால் கிளைக்கு வாருங்கள்.

மூன்று, சேமநிதியிலே வாரிசாக யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதிவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய. அம்மா காலமாகிவிட்டால் அந்தப் பெயர் உதவாது. புதிதாக எழுத வேண்டும். பணம் எடுக்கும் வயது வந்தால், யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் ஒரு வாரம் பொறுங்கள். படித்தவர் இரண்டு பேரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நடிகைகளை ரசிக்க வேண்டாம் என்று இனி நாம் சொல்லப் போவதில்லை. சரோஜா தேவியின் கொண்டையை ரசியுங்கள். பத்மினியின் காலை ரசியுங்கள். சாவித்திரியின் கண்ணீருக்கு அழுங்கள். அதோடு, பானுமதி “முடியாது” என்று சொன்னதையும், ராஜகுமாரி தியேட்டர் கட்டியதையும் உங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்று தொலைபேசியில் சரோஜா தேவியைப் பற்றி அரை மணி நேரம் பேசிய பிறகு பெரியம்மா ஒரு விஷயம் சொன்னார். கடைசிப் பேத்தி செம்பனைத் தோட்டத்து அலுவலகத்திலே வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருக்கிறாளாம். பாட்டிக்கு ஒரு சேலை வாங்கி வந்தாளாம். அதைக் கையில் வாங்கும் முன்னே பெரியம்மா அவளிடம் கேட்ட கேள்வி இதுதான்:

“சேலை கெடக்கட்டும்டீ. பேங்கு கார்டு எங்கே? எடுத்துக் காட்டு, பாக்கலாம்.”

அவள் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாளாம். அதற்குப் பிறகுதான் பாட்டி சேலையைப் பிரித்துப் பார்த்தாராம்.